என்னைக் கூண்டில் மடக்கியவரிடமே போய்ச் சேர்

என் மகனுக்கு,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஒரு வார்த்தை சொன்னால் நீ நாலு வார்த்தை சொல்கிறாய், நான் மூச்சு விடுவதற்குள் "சரிம்மா, வைக்கிறேன்" என்று வைத்தும் விடுகிறாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. பால்வாடியில் பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்குகிற நேரம் இது. ஒரு வாண்டு என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே தூங்குகிறது, அதனால் எழுந்திருக்கவும் முடியாது. பொறுமையாகப் படி. படித்து முடித்துவிட்டுக் கத்து.

அந்தப் பெரிய வக்கீல் உன்னைத் தன்னிடம் ஜூனியராக வரச் சொல்லியிருக்கிறார் என்றும், நீ முடியாது என்று சொல்லப்போகிறாய் என்றும் போன வாரம் சொன்னாய். "அந்தாளு மூஞ்சில முழிக்க மாட்டேம்மா. உன்ன கூண்டுல ஏத்தி அழ வெச்ச ஆளு" என்றாய். பார் கவுன்சிலில் பதிவு முடிந்த கையோடு நீயும் உன் தோஸ்தும் திருவொற்றியூர் பக்கம் ஒரு ரூம் பிடித்து, போர்டு மாட்டி, கேஸ் எடுக்கப்போவதாகவும் சொன்னாய். எனக்காகத்தான் இந்த ரோஷம் என்று தெரியும். கேட்க நன்றாகவும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அம்மா சொல்வது இதுதான்: திங்கட்கிழமை நீ அவரிடம் போய்ச் சேர். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். அன்றைக்கு நீயும் கோர்ட்டில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். நீ பார்த்தது வேறு, கூண்டில் நின்று நான் பார்த்தது வேறு. அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

எதிர் பிளாக் மூன்றாவது மாடிக் கலாவை நீ மறந்திருக்க மாட்டாய். கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் லோடு ஏற்றுகிற பாபுவின் பெண்டாட்டி. அவள் குழந்தை என் பால்வாடியில்தான் இருந்தது. காலையில் குழந்தையை விட வரும்போது சில நாள் துப்பட்டாவால் முகத்தில் பாதியை மூடிக்கொண்டு வருவாள். என்னம்மா என்றால் "பல்லு வலி டீச்சர்" என்பாள். ஒரு மனுஷிக்கு அத்தனை பல்வலி வருமா? எனக்குத் தெரியும், அவளுக்கும் எனக்குத் தெரியும் என்று தெரியும். நான் கேட்பேன், அவள் சிரிப்பாள், குழந்தையை விட்டுவிட்டுப் போவாள். எங்கள் பக்கத்தில் புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைப்பார்கள், அவ்வளவுதான்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஹவுசிங் போர்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் என்ன என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, எல்லா வராண்டாவிலும் வாரத் துணி மொத்தமும் தொங்கும். நான் உன் அப்பாவின் போர்வையைத் துவைத்து, நம் வராண்டாக் கொடியில் விரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். சரக்கு வாசம் போகவே போகாத அந்த நீலப் போர்வைதான். எதிரே கலா அலறினாள். ஈரப் போர்வையைக் கையால் தூக்கி அடியில் பார்த்தேன். பாபுவின் ஒரு கை அவள் தலைமயிரில் இருந்தது, இன்னொரு கை இடுப்பில். கைப்பிடிச் சுவருக்கு மேலே அவளைத் தூக்கித் தள்ளினான். விழும்போது அவள் கத்தவில்லை. கீழே விழுந்த சத்தம்தான் கேட்டது. நான் கையை எடுத்ததும் போர்வை என் முகத்தின் மேலேயே விழுந்தது. அந்த ஈரம் இன்றைக்கும் சில நேரம் முகத்தில் இருக்கிற மாதிரியே இருக்கும்.

"தவறி வியுந்துட்டா, துணி எடுக்க எட்டிப் பாத்தா" என்று அவன் வீட்டார் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டார்கள். போலீஸ் வந்தபோது பத்துப் பதினைந்து வீட்டுக் கதவுகள் சாத்திக்கொண்டன. நான் சாத்தவில்லை. என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டார்கள், போர்வை காயப்போட்டுக்கொண்டிருந்தேன் என்றேன். என்ன பார்த்தீர்கள் என்றார்கள், அவன் தள்ளியதைப் பார்த்தேன் என்றேன். எழுதிக்கொண்டு போனார்கள். உன் அப்பா ட்ரெய்லரை ஹார்பரில் விட்டுவிட்டு வந்து, விஷயம் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "உனுக்கு இன்னாத்துக்கு இந்த பேஜாரு? பாத்தா பாத்தமாதிரி கம்னு இருக்கக் கூடாதா?" என்றார். நீ அப்போது பிளஸ் டூ. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாய். சட்டம் படிக்கப் போகிறேன் என்று நீ சொன்னது அதற்கப்புறம்தான்.

அப்புறம் வருஷக்கணக்கில் வாய்தா. சம்மன் வரும், லீவு போட்டுவிட்டுப் போவேன், சாயங்காலம் வரைக்கும் நிற்பேன், இன்றைக்கு இல்லை என்பார்கள். நான் உட்கார்ந்த அதே பெஞ்சில் மறுகோடியில் பாபுவின் அண்ணன் உட்கார்ந்திருப்பான். "டீச்சர், சாப்ட்டியா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பான். அரசாங்கத் தரப்பு வக்கீல் என்று ஒருவர் இருந்தார், நம் பக்கம் நிற்கவேண்டியவர். கெட்டவர் இல்லை, பாவம், கை நிறைய கேஸ் கட்டு. என்னைக் கூண்டில் ஏற்றிய அன்றைக்குத்தான் வராண்டாவில் நின்றபடி என்னோடு பேசினார். "போலீஸ்ல சொன்னத அப்படியே சொல்லிடுங்கம்மா. வேற எதுவும் சொல்ல வேணாம்" என்றார். அவ்வளவுதான். நான் எங்கே நின்றேன், எப்படிப் பார்த்தேன், நடுவில் என்ன இருந்தது, ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் தெரு எந்தப் பக்கம் என்றுகூட அவருக்குத் தெரிந்திருக்காது.

ஆனால் பாபுவுக்காக வாதாடிய அந்தப் பெரிய வக்கீல் வந்திருந்தார். இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. கேஸ் விசாரணைக்கு வருவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாதாரண அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் டீ கிளாஸோடு நம் பிளாக்குக்கும் எதிர் பிளாக்குக்கும் நடுவில் ஒரு ஆள் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார். வாடகைக்கு வீடு தேடுகிறவர் என்று நினைத்துக்கொண்டேன். "யாரு சார் வேணும்?" என்று நானே மேலேயிருந்து கேட்டேன். "யாரும் வேணாம்மா, சும்மாதான்" என்றார். இஸ்திரி வண்டிக்காரரிடம் ரொம்ப நேரம் பேசினார். எதிர் பிளாக் படியேறி, கலாவைத் தள்ளிய வராண்டாவில் நின்று நம் வீட்டைப் பார்த்தார். நான் அப்போதும் போர்வைதான் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கோர்ட்டில் கறுப்புக் கோட்டோடு அவர் எழுந்து நின்றபோதுதான் இவர்தானே அவர் என்று பொறி தட்டியது.

அவர் என்னை மிரட்டவில்லை, நீதான் பார்த்தாயே. குரலைக்கூட உயர்த்தவில்லை. "டீச்சர், நீங்க போர்வை காயப்போட்டுட்டு இருந்தீங்க, சரியா?" சரி என்றேன். "போர்வைய மடிச்சுப் போடுவீங்களா, விரிச்சுப் போடுவீங்களா?" விரித்து என்றேன். "உங்க வீட்டுக் கொடி, வராண்டாவோட எதிர்ப்பக்கம் பார்த்த மாதிரிதானே கட்டியிருக்கு?" ஆமாம் என்றேன். "அப்ப போர்வைக்கு அந்தப் பக்கம் நடந்தது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?" நான் உள்ளதைச் சொன்னேன். "கையால தூக்கிப் பாத்தேன் சார்." அவர் அவசரப்படவே இல்லை. "போர்வையத் தூக்கிப் பாத்தேன்னு போலீஸ்ல சொன்னீங்களா?" இல்லை என்றேன். "ஏன் சொல்லல?" "அவங்க கேக்கல சார்." "இன்னிக்குத்தான், இந்தக் கேள்விக்கு அப்புறம்தான், முதல் முறையா இதச் சொல்றீங்க. இல்லையா?" ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல? அதுதானே உண்மை. அவர் உட்கார்ந்துவிட்டார். இன்னொரு கேள்வி கேட்கவில்லை. நிறுத்த வேண்டிய இடம் அவருக்குத் தெரிந்திருந்தது.

அதற்கப்புறம் நம் வக்கீல் எழுந்து ஒரே ஒரு கேள்வி என்னிடம் திரும்பக் கேட்டிருக்கலாம். மறு விசாரணை என்று ஒன்று உண்டென்று நீதான் எனக்குச் சொன்னாய். போர்வையைத் தூக்கக் காரணம் என்ன, எந்தக் கையால் தூக்கினாய், தூக்கியதும் என்ன தெரிந்தது என்று கேட்டிருந்தால் நான் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். ஜட்ஜம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அவரும் காத்திருந்தார் என்றுதான் எனக்குத் தோன்றியது. நம்மவர் அடுத்த கேஸ் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். "நோ ரீ-எக்ஸாமினேஷன்" என்று தலையைத் தூக்காமலே சொன்னார். நான் இறங்கி வந்ததும் எரிச்சலோடு, "ஏம்மா, இத முன்னாடியே எங்கிட்ட சொல்லக் கூடாதா?" என்றார். "வேற எதுவும் சொல்ல வேணாம்னீங்களே சார்" என்றேன். நான் அழுதது அப்போதுதான். என்னை அழவைத்தது அந்தப் பெரிய வக்கீல் இல்லையடா, நம் பக்கம் நின்றவர்தான். கடைசி பெஞ்சிலிருந்து பார்த்த உனக்கு நான் அழுதது மட்டும் தெரிந்தது.

சந்தேகத்தின் பலன் என்று பாபுவை விட்டுவிட்டார்கள். பட்டாசு வெடித்தார்கள் நம் பிளாக் வாசலில். "இன்னா டீச்சரே, சாச்சி சொல்லி இன்னா கீசிட்டே?" என்று தெருவே கேட்டது. நான் தப்பாகச் சொல்லிவிட்டதால்தான் கேஸ் போயிற்று என்று கலாவின் அக்காவே என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். கலாவின் குழந்தை அவளிடம்தான் வளர்கிறது. இதில் என் தப்பு ஒன்றும் இல்லை. பார்த்ததைச் சொன்னேன், கேட்டதற்குப் பதில் சொன்னேன். எத்தனை பேர் சொன்னாலும் அந்தப் பழியை நான் தலையில் ஏற்றிக்கொள்ள மாட்டேன், நீயும் எனக்காக ஏற்றிக்கொள்ளாதே.

அந்தப் பெரிய வக்கீல் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று நினைத்துவிடாதே. அவர் பேரைக் கேட்டால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. பெண்டாட்டியைத் தள்ளிக் கொன்றவன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு என் கண்ணெதிரே நடக்கிறான் என்றால் அதில் அவர் பங்கும் இருக்கிறது. ஆனால் அந்தக் கேஸில் வேலை செய்தவர் அவர் ஒருவர்தான். தெருவுக்கு வந்தார். நின்று பார்த்தார். இஸ்திரிக்காரர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டார். தனக்கு என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்து கேட்டார், போதும் என்றதும் உட்கார்ந்தார். நம் பக்கத்து வக்கீல் இதில் ஒன்றைச் செய்திருந்தால் கலாவுக்கு நியாயம் கிடைத்திருக்கும். நீ ஐந்து வருஷம் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தாய். எந்தப் பிரிவைச் சொன்னாலும் கடகடவென்று ஒப்பிக்கிறாய், எனக்குப் பெருமைதான். ஆனால் ஒரு சாட்சியை எதிரே உட்காரவைத்து, குறுக்கே பேசாமல், அவள் சொல்ல மறந்ததையும் சொல்லவைக்க உனக்குத் தெரியுமா? சாப்பிட்டாயா, எத்தனை மணிக்கு வந்தாய், உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன் யார் என்று அவளைக் கேட்கத் தெரியுமா? இந்தக் கேஸ் ஜெயிக்காது என்று வந்தவர் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தெரியுமா? தெரியாது, எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஏன் என்று இனிமேல்தான் சொல்லப்போகிறேன். இதைப் படிக்கும்போது உட்கார்ந்துகொள்.

நீ காலேஜில் சேர்ந்த அடுத்த மாதமே வண்டியில் வக்கீல் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டாய். நான் வேண்டாம் என்றேன், சிரித்தாய். தெருவும் சும்மா இல்லை, "வக்கீலு தம்பி, வக்கீலு தம்பி" என்று உன்னை ஏற்றிவிட்டது. தண்ணீர் லாரி சண்டையிலிருந்து சீட்டுத் தகராறு வரைக்கும் உன்னிடம் வந்தார்கள், நீயும் படிக்கட்டில் நின்றபடியே தீர்ப்புச் சொன்னாய். போன தீபாவளிக்கு வந்தபோது பாபுவின் புதுப் பெண்டாட்டி ரேவதியை எதிர் பிளாக் படிக்கட்டில் பார்த்தாய். பொன்னேரிப் பக்கத்துப் பெண், கலா கதை ஒன்றும் தெரியாமல் கட்டிக்கொண்டு வந்தவள். அவள் கையில் இருந்த காயத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, நீ பயப்படாத. டொமஸ்டிக் வயலன்ஸ் கேஸ் போடலாம், நான் எயுதித் தரேன், உள்ள தள்ளிடலாம் அவன" என்றாய். அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். நல்லது செய்துவிட்ட சந்தோஷத்தில் நீ வந்து என்னிடம் சொன்னாய்.

ரெண்டு மாடி தள்ளிப் படியில் பாபுவின் அண்ணன் பீடி பிடித்துக்கொண்டிருந்தான், கண்ணா. நீ பேசியது அவ்வளவும் அவன் காதில் விழுந்திருக்கிறது. நீ தீபாவளி முடிந்து விடுதிக்குப் போன பிறகு ஒரு வாரம் ரேவதி வெளியே வரவில்லை. நான் போலீசுக்குப் போன் போட்டேன். வந்தார்கள், கதவைத் தட்டினார்கள், "ஒண்ணுமில்ல சார், வழுக்கி வியுந்தேன்" என்றாள், போய்விட்டார்கள். அவள் இப்போது மாசமாக இருக்கிறாள், அதனால் சத்துமாவு வாங்க மாதா மாதம் என்னிடம் வந்தாக வேண்டும். அப்படி வந்தபோதுதான் மெதுவாகச் சொன்னாள்: "டீச்சர், உங்க புள்ளைய எனக்காவ எதுவும் பேச வேணான்னு சொல்லுங்க. கேஸ் போடச் சொன்னாரே, அதுக்கு முன்னாடி எனக்கு போவ ஒரு வூடு இருக்கான்னு கேட்டாரா? எங்கம்மா வூட்டுல சேத்துக்க மாட்டாங்க டீச்சர்." உனக்குச் சட்டம் தெரிந்திருந்தது. அவளை என்ன வேண்டும் என்று கேட்கத் தெரியவில்லை, எங்கே பேசுவது, எங்கே வாயை மூடுவது என்றும் தெரியவில்லை. உன்னிடம் கெட்ட எண்ணம் இல்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் அடி வாங்கியது அவள்.

உன் மனசு நோகும் என்று இத்தனை நாள் இதை உன்னிடம் சொல்லவில்லை. இப்போது நோகட்டும். இந்தக் கையோடு ரூம் பிடித்து, போர்டு மாட்டி உட்கார்ந்தால் அடுத்து வருகிறவளையும் இப்படித்தான் அனுப்புவாய். அதனால்தான் அவரிடம் போ என்கிறேன். அவர் கட்சிக்காரரோடு பேசும்போது கதவைச் சாத்துகிறாரா என்று பார். எத்தனை நேரம் பேசாமல் கேட்கிறார் என்று பார். சம்பவம் நடந்த இடத்துக்கு எப்படிப் போகிறார், யாரோடு பேசுகிறார் என்று பின்னாலேயே போய்ப் பார். அவர் யார் யாருக்காக நிற்கிறார் என்பதை மட்டும் கற்றுக்கொள்ளாதே. பாபு மாதிரி ஒருவன் கேஸ் கட்டு நீட்டும்போது, ஜூனியராக இருந்தாலும் சரி, எனக்கு இது வேண்டாம் சார் என்று சொல்லு. அதற்காக அவர் உன்னை வெளியே போ என்றால் வந்துவிடு, சோறு போட நான் இருக்கிறேன். வேலை கற்ற பிறகு கொருக்குப்பேட்டைக்கே வா. அந்த அரசாங்க வக்கீல் நின்ற பக்கத்தில் நில், ஆனால் அவர் மாதிரி நிற்காதே. முதல் வேலையாக வண்டியிலிருந்து அந்த ஸ்டிக்கரைச் சுரண்டி எடு.

கடிதத்தை இதோடு நேற்றே முடித்திருப்பேன். நேற்று சத்துமாவு கொடுக்கிற நாள். ரேவதி வரவில்லை. அவள் அட்டையை எடுத்துக்கொண்டு பாபு வந்தான். பிள்ளைகள் எல்லாம் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தன. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ரொம்ப மரியாதையாக நின்று, சத்துமாவு பாக்கெட்டுக்குக் கை நீட்டினான். "ரேவதி எங்க?" என்றேன். என் கண்ணைப் பார்த்துச் சொன்னான்:

"அவுளுக்கு பல்லு வலி டீச்சர். படுத்துகினு கீறா."

என் கை எப்படி அந்தப் பாக்கெட்டைக் கொடுத்தது என்று எனக்கே தெரியவில்லை. அவன் போனதும் எங்கள் ஏரியா ஹெல்த் சென்டர் நர்ஸம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். மாசமாக இருக்கிறவளைப் பார்க்க வந்தோம் என்று நாளைக் காலையில் நாங்கள் ரெண்டு பேரும் போய் அந்தக் கதவைத் தட்டப்போகிறோம். அவள் ஒப்புக்கொண்டால் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவோம். அங்கே அவளுக்குத் தங்க இடம் இருக்கிறதா என்றும் கேட்டு வைத்திருக்கிறேன். ஒப்புக்கொள்ளவில்லை என்றால் அடுத்த நாளும் தட்டுவேன். உன் அப்பா இந்த முறை பேஜாரு என்று சொல்லவில்லை. "நானும் கீய நிக்கறேன்" என்றார்.

நீ ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டுத் திங்கட்கிழமை அவரிடம் போ. படிக்கட்டில் யாரோடும் பேசாதே, நேராக வீட்டுக்கு வா. நம் கொடியில் துணி எதுவும் இருக்காது, பார்த்து ஆச்சரியப்படாதே. ரேவதி அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் துணியை மொட்டை மாடியில்தான் காயப்போடுகிறேன். இன்னொரு முறை என்னைக் கூண்டில் ஏற்றி, நடுவில் என்ன இருந்தது என்று யாராவது கேட்டால், ஒன்றும் இல்லை சார் என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்கிற நாள் வராமல் இருக்கத்தான் நாளைக்குப் போகிறேன்.

அம்மா